அகலமான பலகை எல்லாப் பனிக்கும் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், காஷ்மீரின் குல்மார்க்கில் ஹெலிகாப்டர் மூலம் மலைமுகட்டுக்குச் சென்று அங்கிருந்து பனிச்சறுக்கிக்கொண்டு இறங்கும் விளையாட்டைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். இவ்விளையாட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுபவர்கள் அரிது என்பதால் மகிழ்ச்சியோடுதான் படித்தேன். ஆனால், பக்கத்தின் கீழ்மூலையில் ‘எந்த ஸ்கீயை வாங்கலாம்?’ என்ற தலைப்பில் கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்த குறிப்பை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஹெலிகாப்டர் இறக்கிவிடும் இடங்களில் எப்போதும் புதுப்பனியே கிடக்கும் என்றும், ஆகவே கடையில் கிடைப்பவற்றுள் மிக அகலமான ஸ்கீயை, அதாவது காலில் பூட்டிக்கொள்ளும் சறுக்குப் பலகையை, வாங்கிக்கொள்வதே அறிவுடைமை என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இரண்டும் தவறு. முதல் தவறிலிருந்து பிறந்ததே இரண்டாவது தவறு என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

எழுதத் தூண்டியவர்கள் திருப்பூரைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள். பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள். அவர்களுள் ஒருவர் என் தங்கை மகனுக்கு நண்பர். தங்கள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போன புதன்கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். “ஏனுங்க மாமா, பலகை அகலமா இருந்தாப் பனிக்குள்ள முழுகாதுங்களே, அப்புறம் என்னங்க யோசனை?” என்று அந்தத் தம்பி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியவில்லை.

நூற்பாலை இயந்திரங்களை நிறுவும் பொறியாளனாக ஒன்பது ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தவன் நான். நாற்பதை நெருங்கும் வயதில், உடன் வேலை செய்தவர்களின் பிள்ளைகளோடு சேர்ந்து விழுந்து எழுந்து ஸ்கீயிங் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு குல்மார்க்குக்கு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். அவற்றுள் இரண்டு முறை, மொத்தம் ஐந்து நாட்கள், ஹெலிகாப்டரில் ஏறியிருக்கிறேன். ஐந்து நாள் அனுபவத்தால் ஒருவன் வல்லுநன் ஆகிவிட மாட்டான். ஆனால் பொருந்தாத பலகையைக் கொண்டுபோய் அல்லற்பட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, உதகையில் சனவரி மாதத்தில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியும் பனி, காஷ்மீரில் வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்குவதும் பனி, ஆறுமாதம் கிடந்து கல்லாய் இறுகியதும் பனி. ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டதால், பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். காற்றில்லாத குளிரில் விழுந்த புதிய பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் எடையிருக்கும். அதே பனியைக் காற்று அரைத்து ஒரு சரிவில் கொண்டுபோய் அடைத்துவிட்டால் எடை 300 கிலோவை எட்டிவிடும். பலமுறை உருகி உறைந்த வசந்தகாலப் பனி 400, 500 என்று போகும். பனிக்கட்டியின் எடை 917 கிலோ. ஒன்றுக்கு ஒன்று பத்து மடங்கு வேறுபடும் பொருள்களின்மேல் ஓடவேண்டிய கருவியை, அவற்றுள் மிக இலேசானதை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஹெலிகாப்டரில் போனால் எப்போதும் புதுப்பனி கிடைக்கும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. விளம்பரப் படங்களில் இடுப்புவரை பொடிப்பனி பறக்கிறது. ஆனால் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது ஹெலிகாப்டர் பறக்காது என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் காற்றுச்சுழல்தான் காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருகிறது. அது இரண்டு மூன்று நாட்கள் நின்று கொட்டும்போது மலை முகட்டை மேகம் மூடியிருக்கும். தரை எது, வானம் எது என்று விமானிக்குத் தெரியாது. விடுதியில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பணம் கட்டியவர்கள் எல்லாரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வானம் தெளிந்து விசிறி சுழலும் நேரத்தில், முகட்டின்மேல் காற்று தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். சூரியனும் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

சூரியன் என்று சொன்னேன். அதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டின் தாய்வீடான கனடாவின் மலைகள் ஏறத்தாழ 51 பாகை வட அட்சத்தில் உள்ளன; குல்மார்க் 34 பாகையில் உள்ளது. பிப்ரவரி 20ஆம் நாள் உச்சிப்பொழுதில் கனடாவின் அம்மலைகளில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 28 பாகை உயரத்தில்தான் நிற்கும். குல்மார்க்கில் அதே நாளில் 45 பாகை உயரத்தில் நிற்கும். காற்றும் மெலிந்த உயரம். ஆகவே தெற்கு நோக்கிய சரிவில் காலையில் பொடியாக இருந்த பனி மதியத்தில் மேலே நனைந்து, இரவில் உறைந்து, மறுநாள் ஓடு கட்டிவிடுகிறது. கனடாவில் நாட்கணக்கில் கெடாமல் கிடக்கும் பொடிப்பனியை எண்ணி எழுதப்பட்ட அறிவுரையை இமயத்துக்கு அப்படியே தூக்கிவர முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒரே ஓட்டத்தில், அதாவது ஒருமுறை மேலிருந்து கீழே இறங்குவதில், எத்தனை வகைப் பனியைக் கடக்க நேர்கிறது என்பதை ஒரு நாளின் அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன். ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய முகட்டில் எங்களை இறக்கினார்கள். ஹெலிகாப்டர் விலகிப்போகும்வரை, ஸ்கீகளைக் கட்டாகத் தரையோடு அழுத்திக்கொண்டு குனிந்திருந்தோம். விசிறிக்காற்றில் முகத்தில் அடித்தது பொடிப்பனி அன்று, மணல்போன்ற துகள். எழுந்து நின்றபோது பூட்ஸின் தடம்கூடப் பதியவில்லை. காற்று பனியை வரிவரியாகச் செதுக்கி, நொய்யலின் வறண்ட மணற்படுகையில் தெரியும் அலைக்கோடுகளைக் கல்லில் வெட்டி வைத்ததுபோல் செய்திருந்தது. அதில் அறுபது எழுபது மீட்டர் நடுங்கிக்கொண்டு இறங்கி, வடக்கு நோக்கிய பள்ளத்துக்குள் திரும்பியதும்தான் கட்டுரையில் வர்ணிக்கப்பட்ட பொடிப்பனி வந்தது. உண்மையிலேயே வந்தது, முழங்காலளவு, ஓசையே இல்லை. முந்நூறு மீட்டர் உயரத்துக்கு அந்தச் சொர்க்கம் நீடித்தது. பிறகு பள்ளம் மேற்கே வளைந்தது, பனியின் மேல் ஓடு கட்டியிருந்தது. சித்திரை வெயிலில் வற்றிய குளத்து வண்டலின்மேல் பொருக்கு காய்ந்திருக்க, அதை நம்பிக் கால்வைத்தால் அடியிலிருக்கும் சேற்றில் கணுக்கால்வரை இறங்கிவிடுவோமே, அதே கதைதான். அதற்கும் கீழே பூர்ச்ச மரங்களும் தேவதாரு இனத்து மரங்களும் நின்ற பகுதியில் பனி கனத்து ஈரமாயிருந்தது; 1,000 மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை கூடிவிடுகிறதல்லவா? கடைசியில் ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொள்ளும் திடலுக்குப் போகும் குறுக்குப்பாதை, முந்தைய நாள் நனைந்து இரவில் இறுகிப்போன குருணைப்பனி. காலை பத்து மணிக்கு அது கண்ணாடியாக இருந்தது.

ஐந்து வகைப் பனி. அவற்றுள் கட்டுரையாளர் பரிந்துரைத்த பலகைக்கு ஏற்றது ஒன்று, ஓரளவு ஏற்றவை இரண்டு.

அகலத்தால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. இடுப்பு அகலம், அதாவது பூட்ஸுக்கு நேர்கீழே உள்ள குறுகலான பகுதியின் அகலம், 80 மி.மீ. கொண்ட சாதாரண ஸ்கீ ஒரு சோடியின் அடிப்பரப்பையும், 110 மி.மீ. சோடியின் அடிப்பரப்பையும், 122 மி.மீ. சோடியின் அடிப்பரப்பையும் அவற்றுக்கு வழக்கமான நீளங்களோடு சேர்த்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பலகை ஒன்றுக்கு முறையே சுமார் 1,600, 2,150, 2,400 சதுர சென்டிமீட்டர் வருகிறது. 80இலிருந்து 110க்குப் போகும்போது பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பொடிப்பனியில் அது பெரிய உதவி. 110இலிருந்து 122க்குப் போகும்போது கூடுவது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இந்தச் சிறு இலாபத்துக்காக கெட்டியான இரண்டு வகைப் பனியிலும் நட்டப்பட வேண்டுமா என்பதே கேள்வி.

அந்த நட்டத்தைப் புரிந்துகொள்ள நெம்புகோல் விதி போதும். கெட்டிப்பனியில் ஸ்கீ தன் அடிப்பரப்பின்மேல் நிற்பதில்லை, அதன் ஓரத்தில் பதித்த இரும்பு விளிம்பின்மேல் நிற்கிறது. 80 மி.மீ. பலகையில் அந்த விளிம்பு காலின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. தள்ளியிருக்கிறது, 122 மி.மீ. பலகையில் 61 மி.மீ. தள்ளியிருக்கிறது. பூட்ஸின் அகலத்தையும் தாண்டி வெளியே நிற்கும் விளிம்பை, ஒவ்வொரு திருப்பத்திலும் கணுக்காலும் முழங்காலும் தாங்கிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். சுமை ஒன்றரை மடங்காகிவிடுகிறது. முதல் அரைமணியில் இது தெரியாது. மூன்றாவது ஓட்டத்தின் முடிவில், தொடை நடுங்கும்போது தெரியும். 

நமக்குப் பழக்கமான ஒன்றைச் சொன்னால் திருப்பூர்த் தம்பிகளுக்குச் சட்டென்று விளங்கியது. காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் என்னும் அகலமான இரும்புச் சக்கரத்தை மாட்டுகிறோம். சேற்றில் டிராக்டர் புதையாமல் இருக்க அதைப்போல் உதவுவது வேறில்லை. ஆனால் வயல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்து, நடுவில் தார்ச்சாலையும் கல்லாங்குத்தும் இருந்தால் எந்த ஓட்டுநரும் அதை மாட்டிக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்ப மாட்டார். ஹெலி ஸ்கீயிங்கில் உள்ள சிக்கல் என்னவென்றால், நடுவழியில் நிறுத்திச் சக்கரம் மாற்ற முடியாது. வயலுக்கும் சாலைக்கும் சேர்த்து ஒரே சக்கரத்தைக் காலையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அகலமான பலகை இல்லாவிட்டால் பொடிப்பனியில் இறங்கவே முடியாது என்ற எண்ணமும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆஸ்திரியாவில் பிறந்த ஹான்ஸ் க்மோசர் என்ற மலைவழிகாட்டி 1965இல் கனடாவின் புகபூ மலைகளில் இதை ஒரு தொழிலாகத் தொடங்கியபோது, வந்தவர்கள் எல்லாரும் ஆளைவிட நீளமான, நம் கைப்பிடிக்குள் அடங்கும் குறுகலான பலகைகளில்தான் இறங்கினார்கள். 1980களின் இறுதியில் ஸ்கீ தயாரிக்கும் ஆட்டாமிக் நிறுவனத்தின் பொறியாளர் ரூபர்ட் ஹூபர், இரு கால்களையும் வைத்துச் சறுக்கும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டு ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்த சோதனையிலிருந்து அகலமான ஸ்கீ பிறந்தது. நடுத்தரத் திறமையுள்ளவர்களும் ஆழப்பனியில் இறங்க முடிந்ததற்கு அதுவே காரணம். 2000களின் தொடக்கத்தில் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி, நீரில் சறுக்கும் பலகையைப் பார்த்து, முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்த ‘ஸ்பாட்டுலா’ என்னும் ஸ்கீயை உருவாக்கினார். அந்த வளைவைத்தான் இன்று ராக்கர் என்கிறோம். அதற்குப் பின் வந்த ஸ்கீ செய்வோர், முழு வளைவையும் எல்லாப் பலகைக்கும் போட்டுவிடாமல், முன்னால் ராக்கர், காலடியில் நடுப்பகுதி மேலெழும்பிய பழைய கேம்பர் வளைவு என்று இரண்டையும் கலக்கத் தொடங்கினார்கள். கெட்டிப்பனி என்று ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்ததுதான் காரணம்.

இனி என் சொந்தக் கதை. ஊர் திரும்பிய பின் அலுவலாக மீண்டும் ஒருமுறை ஐரோப்பாவுக்குப் போனபோது, ஒரு கடையில் பருவக்கழிவு விலையில் 122 மி.மீ. ஸ்கீ ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டேன். தங்கள் கட்டுரையாளர் சொன்ன அதே காரணங்களை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பழைய பைண்டிங்கைப் புதுப்பலகையில் மாட்டித் தரச் சொன்னேன். கழன்றுபோன ஸ்கீ தானாக ஓடிவிடாமல் பனியில் குத்தி நிறுத்தும் இரண்டு கம்பிகள், பிரேக் என்பவை, பைண்டிங்கில் உண்டு. அவை பலகையின் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்க வேண்டும். என் பழைய பிரேக் 110 மி.மீ. பலகைக்கு உரியது. கடையில் கம்பிகளைக் குறடால் வெளியே வளைத்து எப்படியோ மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுதும் இயந்திரங்களின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கும் தொழிலில் இருந்தவன், இதைப் பார்க்கத் தவறினேன்.

குல்மார்க்கில் அந்தக் கண்ணாடிக் குறுக்குப்பாதையில்தான் வினை வந்தது. மென்மையான, முன்பக்கம் நெடுக வளைந்த அந்தப் பலகையில், பனியைத் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பு முழு நீளத்தில் பாதியளவுதான் இருந்திருக்கும். மேல்சரிவுப் பக்கத்து விளிம்பைப் பதித்துக் குறுக்கே போகப் போக, பலகை கீழே நழுவிக்கொண்டே வந்தது. வலது முழங்கால் உள்ளே மடங்கியது. பைண்டிங் தன் கடமையைச் செய்து கழன்றது. இடப்புறக் கம்பி பலகையின் ஓரத்தில் சிக்கிக்கொண்டு இறங்கவில்லை. ஒற்றைக் கம்பியோடு அந்த ஸ்கீ சரிவில் கிறீச்சிட்டுக்கொண்டே போய், ஓடைப்பள்ளத்தில் குவிந்திருந்த மென்பனிக்குள் அம்புபோல் நுழைந்து மறைந்துவிட்டது. வழிகாட்டியான காஷ்மீரி இளைஞர் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், மடக்குக்கோலைப் பூட்டி அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். கிடைக்க 40 நிமிடம் ஆயிற்று. அந்த 40 நிமிடமும் கீழே ஹெலிகாப்டர் காத்திருந்தது, மற்ற மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்காலின் உட்பக்கத் தசைநார் நைந்து, ஆறு வாரம் கோவையில் பிசியோதெரபிக்குப் போய்வந்தேன். ஆழப்பனிக்குப் போகிறவர்கள் ஸ்கீயில் மீட்டர்க்கணக்கில் நீளமான பளிச்சென்ற நிற நாடாவைக் கட்டி, கால்சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். பலகை புதைந்தாலும் நாடா காட்டிக்கொடுக்கும். திருப்பூரில் நாடாவுக்கா பஞ்சம்? அதையும் நான் கட்டியிருக்கவில்லை.

அடுத்த முறை அங்கேயே வாடகைக்கு எடுத்த 106 மி.மீ. ஸ்கீயோடு போனேன். பொடிப்பனியில் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது, உண்மை. ஆனால் முகட்டிலும் குறுக்குப்பாதையிலும் கால் என் சொற்படி கேட்டது. மாலையில் ஒரு ஓட்டம் அதிகமாகப் போக முடிந்தது.

எனவே, எண்பது கிலோ எடைக்குப் பக்கத்தில் இருக்கும், நடுத்தரத் திறமையுள்ள ஒருவர் இமயத்தில் ஹெலிகாப்டரில் போவதானால் 104 முதல் 112 மி.மீ. வரை இடுப்பு அகலம் உள்ள பலகையைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடு கட்டிய பனியில் அகலமும் முன்வளைவும் உதவும் என்பதை மறுக்கவில்லை. குறுகிய பலகை ஓட்டுக்கு அடியில் புகுந்து சிக்கிக்கொள்ளும். ஆகவே 90க்குக் கீழே போகச் சொல்ல மாட்டேன். எடை குறைந்தவர்களுக்குக் கணக்கு வேறு. என் மகள் 54 கிலோ. எனக்கு 110 செய்யும் வேலையை அவளுக்கு 98 செய்துவிடுகிறது. தங்கள் குறிப்பு எல்லாருக்கும் ஒரே அகலத்தைச் சொல்லிவிட்டு, நீளத்துக்கு மட்டும் உயரத்தோடு பத்து சென்டிமீட்டர் கூட்டச் சொல்கிறது. பனிக்கு நம் உயரம் தெரியாது, எடைதான் தெரியும். மூக்களவிலிருந்து நெற்றிக்குச் சற்று மேல்வரை உள்ள நீளத்தை எடுத்துக்கொண்டு, எடைக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கூட்டிக் குறைப்பதே வழக்கம்.

அகலத்தைவிடவும் நான் முக்கியமாகக் கருதுவது விறைப்பும் எடையும். கடையில் ஸ்கீயைக் கையில் பிடித்து, நுனியை ஒரு கையாலும் நடுவை மறு கையாலும் அழுத்திப் பார்த்தால், முன்பகுதி வில்லாக வளைந்து, காலடியும் பின்பகுதியும் உறுதியாக நிற்க வேண்டும். உள்ளே பாப்ளர், ஆஷ் போன்ற மர நடுப்பகுதி, அதன்மேல் கண்ணாடி இழை, விலை கூடியவற்றில் டைட்டனால் என்னும் அலுமினியக் கலப்புலோகத் தகடு என அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். தகடு உள்ளது நடுக்கத்தை விழுங்கிவிடும். முன்னால் போனவர்கள் கிளறிவிட்டுப்போன, கட்டியும் பொடியும் கலந்த பனியில் அந்தக் கனம் பலகையை வழிமாறாமல் நடத்துகிறது. மலையேறுவதற்கென்று செய்யப்பட்ட இறகுபோன்ற ஸ்கீயை ஹெலிகாப்டரில் கொண்டுபோவது பொருளற்றது. ஏறும் வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. நமக்கு மிஞ்சியிருப்பது இறங்குவது மட்டும்.

பூட்ஸைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. பணம் செலவழிப்பதானால் அதில்தான் செலவழிக்க வேண்டும். பலகையை வாடகைக்கு எடுக்கலாம். இன்னொருவர் கால் மிதித்துப் பதப்படுத்திய பூட்ஸில் நாள் முழுதும் நிற்பது தண்டனை. ஆனால் பூட்ஸின் அடிப்பாகம் எல்லாம் ஒரே வார்ப்பு அன்று. பழைய தட்டையான அடி ஒரு தரம், நடப்பதற்கு வசதியாக வளைந்த கிரிப்வாக் அடி வேறொரு தரம், மலையேற்ற பூட்ஸின் அடி மற்றொன்று. ஒன்றுக்கு உரிய பைண்டிங்கில் இன்னொன்றை மாட்டினால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் போகும். கழலும் விசையின் எண்ணை எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றைக் கொண்டு அட்டவணை பார்த்து வைப்பார்கள். அட்டவணையில் 50 வயதைத் தொட்டவர்களுக்கு ஒரு படி குறைத்து வைக்க வேண்டும் என்று இருக்கிறது. கடைக்காரர் வயதைக் கேட்டால் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

பலகையை வாங்காமல் அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்வதற்குப் பணம் மட்டுமே காரணம் அன்று. எந்தப் பனி கிடைக்கும் என்று கோவையில் இருந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்கிறார்கள். கடுங்குளிரும் நிலையான பனியும் அப்போது வரவேண்டும். 2024 சனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் வறண்டு கிடந்தது; மாத இறுதியில்தான் பனி இறங்கியது. 2025 பிப்ரவரியில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஓராண்டுக்கு முன்பே வாங்கிப் பரணில் வைத்த பலகை இத்தகைய பருவத்துக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே போய், முதல் இரண்டு நாட்கள் ஏறத்தாழ 4,000 மீட்டர்வரை செல்லும் கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறி இறங்கிப் பார்த்தால், அந்த வாரத்துப் பனியின் குணம் காலுக்குத் தெரிந்துவிடும். பிறகு பலகையைத் தேர்ந்தால் போதும். ஹெலிகாப்டர் நடத்துபவர்கள் பெரும்பாலும் தாங்களே இரண்டு மூன்று அகலங்களில் ஸ்கீ வைத்திருப்பார்கள். முதல் ஓட்டம் சரிப்படாவிட்டால் மதியத்தில் மாற்றித் தருவதும் உண்டு.

பனிச்சரிவைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விடக்கூடாது. உதகைக்குப் பக்கத்தில் உள்ள அவலாஞ்சிக்கு அப்பெயர் பழைய நிலச்சரிவொன்றால் வந்தது. ‘அவலாஞ்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சரிவு என்பதே பொருள் என்றாலும், நமக்கு அச்சொல் அணையையும் சுற்றுலாவையும்தான் நினைவூட்டும். குல்மார்க்கில் அப்படியன்று. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் பகுதியில் பயிற்சியில் இருந்த 17 படைவீரர்கள் பனிச்சரிவில் மாண்டார்கள். 2023 பிப்ரவரி முதல் நாளில் அபர்வத் மலையில் போலந்து நாட்டவர் இருவர் அதேபோல் மாண்டார்கள். பெரும்பனி கொட்டி முடிந்த முதல் நாள், அகலமான ஸ்கீக்கு மிகவும் உகந்த நாளாக இருக்கிறது. 30 முதல் 45 பாகைவரை சாய்ந்த சரிவுகளில் பனி இடிந்து விழுவதற்கும் அதுவே மிகவும் உகந்த நாள். பலகையின் அகலம் அங்கே எவரையும் காப்பதில்லை. சண்டீகரில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும், புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பீக்கன் கருவி, மண்வாரி, மடக்குக்கோல் மூன்றையும் ஒவ்வொருவரும் சுமப்பதும், அவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டு போவதும்தான் வழி. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அதன்பின் அரைமணி ஆவதற்குள் வாய்ப்பு சட்டென்று சரிந்துவிடுகிறது. என் ஒற்றை ஸ்கீயைத் தேட 40 நிமிடம் ஆயிற்று என்று மேலே எழுதியதை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

தங்கள் இணைப்பைப் பார்த்துவிட்டுச் சனவரிப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால், அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தத்தை அடுத்த ஞாயிறன்றே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திருப்பூர்த் தம்பிகளில் இருவர் என் சொல்லைக் கேட்டு பூட்ஸ் மட்டும் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறார்கள். மூன்றாமவர் 124 மி.மீ. ஸ்கீக்கு முன்பணம் கட்டிவிட்டார். பணத்தைத் திரும்பப் பெற அவருக்கு இம்மாதம் 28ஆம் தேதிவரை அவகாசம் இருக்கிறதாம். மாமா சொன்னால் மட்டும் போதாது, பேப்பரில் வந்ததைப் பேப்பரிலேயே மாற்றிப் போட்டால்தான் நம்புவேன் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.